கிணறு கடலில் மிதக்கிறதா? நிலவியல் அட்டவணைகளை வரைபடத்தில் ஏற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் மாணவர்களுக்கும் நிலத்தடி நீர் அளப்பவர்களுக்கும் வரைபட மென்பொருள் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. "மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை" என்று வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் மென்பொருளில் ஒரு குறையும் இருக்காது. அவர்கள் கொண்டுவந்த அட்டவணையில்தான் இருக்கும். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி அட்டவணையைப் பற்றியவை.

இரண்டு அட்டவணைகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் (யூஎஸ்ஜிஎஸ்) இலவசமாகத் தரும் உலக நிலநடுக்கப் பட்டியல். இன்னொன்று, நம் ஊர் நோக்குக் கிணறுகளின் (நீர்மட்டத்தை அவ்வப்போது அளப்பதற்கான கிணறுகள்) பட்டியல்: கிணற்று எண், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, நீர்மட்ட ஆழம், ஃபுளோரைடு அளவு.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். காசு வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கடலடி, தட்டு எல்லை, கடல் அகழி என்று உங்கள் ஆர்வம் போனால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகம் தரும் ஜியோமேப்ஆப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். அதில் கடலடி உயர வரைபடம் முன்கூட்டியே இருக்கிறது. அட்டவணையை ஒட்டினால் புள்ளிகள் உடனே அதன்மேல் விழும். நிறமும் அளவும் மாற்ற இரண்டு பொத்தான்கள் போதும். ஒரு மணி நேர வகுப்பில் காட்ட அதைவிடச் சுலபமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊர்க் கிணறுகளுக்கு அது பொருந்தாது.

ஒரே மாதிரிப் படத்தை ஐம்பது முறை வரைய வேண்டியவர்களுக்கு ஜிஎம்டி என்ற கட்டளைவரிக் கருவி இருக்கிறது. முதல் வாரம் கண்ணைக் கட்டும். பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

எக்செல் கோப்பை அப்படியே இழுத்துப் போட்டேன். அட்டவணை வந்தது, புள்ளிகள் வரவில்லையே?

வராது. எக்செல் கோப்பை இழுத்துப் போட்டால் கியூஜிஐஎஸ் அதை வெறும் அட்டவணையாகத்தான் எடுத்துக்கொள்ளும். எந்த நெடுவரிசை தீர்க்கரேகை, எது அட்சரேகை என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே! இரண்டு வழிகள் உண்டு. பிராசசிங் கருவிகளில் ‘கிரியேட் பாயின்ட்ஸ் லேயர் ஃபிரம் டேபிள்’ என்பதைப் பயன்படுத்தலாம் (லேயர் என்றால் வரைபடத்தின் ஓர் அடுக்கு). அல்லது எக்செல்லில் சிஎஸ்வியாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, ‘ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்’ வழியாகத் திறக்கலாம். நான் இரண்டாவதையே சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பெட்டியின் அடியில் முதல் சில வரிசைகளின் மாதிரி தெரியும். தவறு இருந்தால் அங்கேயே கண்ணில் படும்.

எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. நாம் பேசும்போது அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் எல்லோரும் இங்கே ஒருமுறையாவது மாற்றிப் போடுவார்கள்.

முதல் பயிற்சிக்கு எந்தத் தரவை எடுப்பது?

நிலநடுக்கப் பட்டியலைத்தான். கடந்த 30 நாள்களில் 4.5உம் அதற்கு மேலும் அளவுள்ளவை என்ற கோப்பு தயாராகவே கிடைக்கும். நெடுவரிசைகளும் ஒழுங்காக இருக்கும்: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு என்று முதல் ஐந்துமே நமக்கு வேண்டியவை. பழைய ஆண்டுகள் வேண்டுமென்றால் தேடல் பக்கத்தில் காலத்தையும் பரப்பையும் கொடுத்து எடுக்கலாம். ஒரு தேடலில் 20,000 நிகழ்வுகளுக்கு மேல் தரமாட்டார்கள். பெரிய பரப்பென்றால் ஆண்டுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

தென்னிந்தியாவைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு எடுத்தால் புள்ளிகள் சொற்பமாகத்தான் வரும். அவற்றுள் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தில் விழுந்திருந்தால் உங்கள் அமைப்பில் எதோ தவறு.

என் சென்னைக் கிணறுகள் ஆர்க்டிக் கடலில் இருக்கின்றன. ஏன்?

மேலே சொன்னதுதான், எக்ஸும் ஒய்யும் இடம் மாறிவிட்டன. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாற்றிப் போட்டால் 80.27 வடக்கு, 13.08 கிழக்கு. அது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய பனிக்கடல்.

புள்ளிகள் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் குவிந்திருந்தால் கதை வேறு. அங்கேதான் பூச்சியம் பாகையும் பூச்சியம் பாகையும் சந்திக்கின்றன. ஜிபிஎஸ் அளவு கிடைக்காத கிணறுகளுக்கு யாரோ 0 என்று நிரப்பியிருக்கிறார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் மென்பொருள் அந்த வரிசைக்குப் புள்ளியே வைத்திருக்காது. பூச்சியத்தை மட்டும் அது நம்பிவிடும்.

புள்ளிகள் சரியான மாவட்டத்தில்தான் விழுகின்றன. ஆனால் ஊருக்குப் பொருந்தவில்லை. சில 4 கிலோமீட்டர், சில 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் பழைய நினைவு ஒன்று வரும். நான் பணியில் சேர்ந்த புதிதில், இப்படிப்பட்ட அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கிணறு தேடி அலைந்திருக்கிறேன். காட்டிய இடத்தில் ஒரு கோயில் குளம் மட்டும் இருந்தது. தவறு ஜிபிஎஸ்ஸில் இல்லை. எழுதியவர் பாகையையும் கலையையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி வைத்து எழுதியிருந்தார்.

அதாவது 13 பாகை 5 கலை என்பதை 13.05 என்று எழுதுவது. உண்மையான தசம மதிப்பு 5ஐ 60ஆல் வகுத்து வரும் 13.083. வேறுபாடு 0.033 பாகை, ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால் 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போகும். 13 பாகை 30 கலையை 13.30 என்று எழுதினால் 22 கிலோமீட்டர். 55 கலை என்றால் 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எல்லாப் புள்ளிகளும் ஒரே தூரம் நகர்ந்திருந்தால் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். இங்கே ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரம் நகரும், ஆனால் எல்லாம் தெற்கும் மேற்குமாகவே நகரும். அதனால்தான் கண்ணை ஏமாற்றுகிறது. இதிலும் கொடுமை, சிலர் 5 கலையை 13.5 என்று எழுதுவது. அந்தப் புள்ளி மட்டும் எதிர்த்திசையில் 46 கிலோமீட்டர் ஓடிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. அட்சரேகை நெடுவரிசையில் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். நூறு கிணறுகளில் ஒன்றில்கூட 60க்கு மேல் இல்லையென்றால் அது தசமம் அல்ல, கலை. வரைபடத்திலும் இது தெரியும்: ஒவ்வொரு முழுப் பாகைக் கோட்டுக்கும் சற்றுத் தெற்கே, ஒரு கிணறும் இல்லாத வெறும் பட்டை ஓடும்.

பாகை, கலை, விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) என்று முறையாகக் குறியிட்டு எழுதிய அட்டவணை என்றால் கவலை வேண்டாம். சிஎஸ்வி திறக்கும் பெட்டியில் ‘டிஎம்எஸ்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும்.

தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கங்கள் வேண்டும்?

ஐந்து. ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கிணற்றுக்கு அதற்கு மேல் தேவையில்லை. எக்செல் கணக்குப் போட்டுத் தரும் பன்னிரண்டு இலக்கங்களைப் பார்த்துத் துல்லியம் என்று மயங்க வேண்டாம்.

என் அட்டவணையில் பாகையே இல்லை. ஆறு இலக்க எண்ணும் ஏழு இலக்க எண்ணும் இருக்கின்றன.

யூடிஎம் ஆயத்தொலைவுகள், மீட்டரில். உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் தூரத்தை அளக்கும் முறை அது. சென்னை என்றால் கிழக்குத் தூரம் 4,21,000 அளவிலும் வடக்குத் தூரம் 14,46,000 அளவிலும் இருக்கும். லேயரைத் திறக்கும்போது ஆயத்தொலைவு முறை என்ற இடத்தில் சரியான மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது வேலை.

ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் ‘சரியான மண்டலம்’ ஒன்று அல்ல, இரண்டு. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. அதற்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44ஆம் மண்டலம். மதுரை 44இல், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டுக்கல் நகரம் மயிரிழையில் 43இல். மதுரையின் கிழக்குத் தூரம் 1,84,000 என்றால் திண்டுக்கல்லுடையது 8,25,000. இரண்டு ஊர்க் கிணறுகளையும் ஒரே கோப்பில் போட்டு 44 என்று சொல்லிவிட்டால், திண்டுக்கல் கிணறுகள் இலங்கையையும் தாண்டி வங்காள விரிகுடாவில் மிதக்கும். தலைப்பில் இருக்கும் கேள்வி இங்கிருந்து வந்ததுதான்.

மென்பொருளில் ஒவ்வோர் ஆயத்தொலைவு முறைக்கும் இபிஎஸ்ஜி என்ற அடையாள எண் உண்டு: 43க்கு 32643, 44க்கு 32644. கலந்த கோப்பு என்றால் இரண்டாகப் பிரித்து ஏற்றி, இரண்டையும் 4326 என்ற எண்ணுள்ள, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 பாகை முறைக்கு மாற்றி, பிறகு ஒன்றாக்குங்கள். மண்டலம் எது என்று ஒரு நெடுவரிசையே இல்லாத கோப்பு வந்தால் கொடுத்தவரைக் கேட்பதுதான் ஒரே வழி. ஊகம் செய்யாதீர்கள்.

பழைய டோப்போ தாளின் (நில அமைப்பு வரைபடம்) மேல் புள்ளிகள் நூறு, இருநூறு மீட்டர் விலகி இருக்கின்றனவே?

பூமியின் வடிவத்தைக் கணக்கில் பிடிக்க நீள்கோளம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். இந்திய சர்வே துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84ஐ அடிப்படையாகக் கொண்டது. பாகை எண் ஒன்றாகவே இருந்தாலும் இடம் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் மாறும். தாளைப் புவியிடப்படுத்தும்போது (வரைபடத்தில் அதன் சரியான இடத்தில் பொருத்தும்போது) அந்தத் தாள்களின் காலியான்பூர் ஆதாரப் புள்ளி முறையைச் சொல்லிவிட்டால் விலகல் பெருமளவு போய்விடும். தாளிலிருந்து படித்து எழுதிய பழைய அட்டவணைகளுக்கும் இதே மருந்துதான்.

ஃபுளோரைடு நெடுவரிசையை வைத்து நிறம் கொடுக்கப் போனால் பட்டியலில் அந்தப் பெயரே வரவில்லை.

மென்பொருள் அதை எழுத்து என்று நினைக்கிறது. நூற்றுக்கணக்கான எண்களுக்கு நடுவே ஒரே ஒரு கட்டத்தில் "கண்டறியப்படவில்லை" என்றோ, 0.01க்கு முன் ‘விடக் குறைவு’ என்ற குறியோ இருந்தால் போதும், நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும். பண்பு அட்டவணையைத் திறந்து வரிசைப்படுத்திப் பாருங்கள்: 10 என்பது 9க்கு முன்னால் வந்தால் அது எழுத்து.

சோதனைச் சாலையின் கண்டறியும் எல்லைக்குக் கீழே போன மதிப்புகளை என்ன செய்வது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பூச்சியம் என்று போட்டால் பொய். அழித்துவிட்டாலும் பொய்தான், ஏனென்றால் சுத்தமான கிணறுகளை மட்டும் நீக்கியதாகிவிடும். எல்லையில் பாதியை இடுவது வழக்கம். நான் செய்வது: எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, "எல்லைக்குக் கீழே" என்ற குறிப்புக்கு இன்னொன்று. வரைபடத்தில் அந்தக் கிணறுகளை உள்ளீடற்ற வட்டமாகக் காட்டுவேன்.

இதன் மறுபக்கம் -999, -9999, கிணற்றுப் பதிவுக் கோப்புகளில் -999.25. இவை "அளவு இல்லை" என்பதற்கான குறியீடுகள். மென்பொருளுக்கு அது தெரியாது. சராசரி நீர்மட்டம் கழித்தல் எண்ணில் வந்தால் இங்கே தேடுங்கள். ஆனால் கழித்தல் குறி தென்பட்டதெல்லாம் குப்பை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நிலநடுக்கப் பட்டியலில் -0.5 என்ற அளவு இருக்கலாம். மிகச் சிறிய அதிர்வுகளுக்கு மடக்கை அளவுகோல் அப்படித்தான் தரும். ஹவாய் எரிமலைகளில் ஆழமும் கழித்தலில் வரும், கடல்மட்டத்துக்கு மேலே மலைக்குள் நடந்தது என்று பொருள்.

மாதிரி எண்கள் தேதியாக மாறிவிட்டன.

எக்செல்லின் கைவரிசை. 5-12 என்று மாதிரி எண் இட்டால் மே 12 அல்லது டிசம்பர் 5. நடுவில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வரும் 2இ4 போன்ற எண்களை 20,000 ஆக்கிவிடும். 007 என்று தொடங்கும் கிணற்று எண் 7 ஆகிவிடும். திறந்து சேமித்துவிட்டால் திருத்த முடியாது, பழைய எழுத்து அழிந்தே போயிருக்கும். மூலக் கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக அந்த நெடுவரிசை ‘எழுத்து’ என்று சொல்லித் திறவுங்கள்.

ஊர்ப் பெயர்கள் தமிழில் இருந்தன. வரைபடத்தில் கேள்விக்குறிகளாக வருகின்றன.

எக்செல்லில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற இன்னொன்று அதே பட்டியலில் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறிக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் அட்டவணை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டதாக இருக்கலாம். முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்கள் ஷேப் கோப்பை (வரைபடத் தரவைச் சேமிக்கும் பழைய வடிவம்) தவிர்ப்பது நல்லது. அதன் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுகள்தான் இடம். ஆங்கிலத்தில் பத்து எழுத்து. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. புள்ளிக்கும் தனியாக 3. "ஆழம்" என்ற சின்னச் சொல்லே 12 பைட்டு, உள்ளே நுழையாது! ஜியோபேக்கேஜ் வடிவில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே கோப்பில் அடங்கியும்விடும்.

பென்சில் பொத்தான் மங்கலாக இருக்கிறது. மதிப்பைத் திருத்த முடியவில்லை.

டிலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாகத் திறந்த சிஎஸ்வியை வாசிக்கத்தான் முடியும். லேயரின்மேல் வலச்சொடுக்கி ஜியோபேக்கேஜாக ஏற்றுமதி செய்துகொண்டு அதில் திருத்துங்கள். மூலக் கோப்பு கைபடாமல் இருப்பது ஒரு வகையில் நன்மைதான்.

கிராமப் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தேன். பாதிதான் சேர்ந்தது, அதிலும் சில தவறு.

எத்தனை புதூர், எத்தனை புதுப்பட்டி! பெயரை நம்பி இணைத்தால் இதுதான் நடக்கும். குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்கள். ஒரு பக்கம் அந்த எண் எழுத்தாகவும் மறுபக்கம் எண்ணாகவும் இருந்தால் அதுவும் சேராது.

நிலநடுக்கப் புள்ளிகளுக்கு அளவையும் நிறத்தையும் எப்படிக் கொடுப்பது?

வட்டத்தின் பருமனை அளவுக்கும் நிறத்தை ஆழத்துக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் பார்ப்பவர் மனத்தில் தவறான படம் பதியும்.

ஓர் அலகு கூடினால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. அதை அப்படியே வட்டத்தில் காட்ட முயன்றால் 5 அளவு புள்ளி மணலாகவும் 8 அளவு வட்டம் நாட்டையே மூடுவதாகவும் இருக்கும். அடுக்கேற்றத்தை மிதப்படுத்தித்தான் ஆக வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் பருமன் உதவியாளர் என்ற கருவியில் பரப்பு, ஆரம், ஃபிளானரி (பெரிய வட்டங்களைக் கண் குறைத்து மதிப்பிடுவதை ஈடுசெய்வது) என்று தேர்வுகள் இருக்கின்றன. ஆரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், கண் பரப்பைத்தான் பார்க்கும். பெரிய வட்டங்கள் சிறியவற்றை மூடாமலிருக்க, வரையும் வரிசையில் பெரியவற்றை முதலில் வைத்துச் சிறியவற்றை மேலே வையுங்கள்.

நிறத்தில் வானவில்லைத் தவிருங்கள். நடுவே வரும் மஞ்சள் இல்லாத எல்லை ஒன்றை இருப்பதுபோல் காட்டும். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவருக்கோ பாதிப் படம் காணாமல் போகும். விரிடிஸ் என்ற நிறத்தொடர் நன்றாக இருக்கும்.

ஃபுளோரைடுக்கு வேறு விதி. அங்கே மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் வகுப்புகளை ஏற்கவே கூடாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 ஏற்கத்தக்க எல்லையாக லிட்டருக்கு 1 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமையும் வைக்கிறது. வகுப்பை 1இலும் 1.5இலும் வெட்டுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அட்டவணையை ‘இயற்கை இடைவெளி’ முறையில் பிரித்தால், 1.4உம் 1.9உம் ஒரே நிறத்தில் விழ வாய்ப்பு உண்டு. பார்க்கும் ஊர்க்காரருக்கு அந்தப் படம் எதற்கு?

ஆழம் 10 கிலோமீட்டர் என்று ஏன் இத்தனை நிலநடுக்கங்கள்?

நல்ல கண். இந்தக் கேள்வியைக் கேட்பவர் அட்டவணையை உண்மையிலேயே பார்த்திருக்கிறார். நெடுவரிசையில் 10 கிலோமீட்டரும், பழைய பதிவுகளில் 33 கிலோமீட்டரும் கூட்டம் கூட்டமாக வரும். பூமி அந்த ஆழங்களை விரும்புகிறது என்பதல்ல. பதிவுகள் போதாமல் ஆழத்தைக் கணிக்க முடியாதபோது, கணிப்பு நிரல் ஒரு வழக்கமான மதிப்பில் ஆழத்தை நிறுத்திவிடும். ஆழத்தை ஆராயும் எந்தக் கிராஃப்பிலும் இவற்றை முதலில் வடிகட்டி ஒதுக்குங்கள், அல்லது வெளிர் நிறத்தில் காட்டுங்கள். ஹிஸ்டோகிராம் போட்டால் 10இல் ஒரு கோபுரம் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம்.

கிராஃப் வரையும் வசதி இருக்கிறதா? வரைபடத்தோடு இணைந்து வேலை செய்யுமா?

டேட்டா பிளாட்லி என்ற நீட்சியை நிறுவுங்கள். கிராஃப்பில் தேர்ந்தெடுக்கும் புள்ளி வரைபடத்திலும் ஒளிரும். ஜியோமேப்ஆப்பில் இது பிறவியிலேயே உண்டு: கிராஃப்பில் சுருக்குப் போட்டு வளைத்தால் அட்டவணையில் அந்த வரிசைகளும் வரைபடத்தில் அந்தப் புள்ளிகளும் தெரியும்.

இதன் அருமை புரிய ஒரு பயிற்சி. ஜாவாத் தீவைச் சுற்றி, தீர்க்கரேகை 108 முதல் 114 வரை, தெற்கு அட்சரேகை 4 முதல் 12 வரை ஒரு பெட்டி போட்டு, சில பத்தாண்டு நிலநடுக்கங்களை எடுங்கள். மேலிருந்து பார்த்தால் புள்ளிக் குப்பை. இப்போது கிடைமட்டத்தில் அட்சரேகை, செங்குத்தில் ஆழம் என்று வரையுங்கள். ஆழத்துக்குக் கழித்தல் குறி போட்டால் கீழ்நோக்கி இறங்கும். குப்பை ஒரு சரிவாகத் திரளும். தெற்கே அகழியருகில் மேலோட்டமாகத் தொடங்கி, வடக்கே போகப் போகச் செங்குத்தாக இறங்கி, ஜாவாக் கடலின் அடியில் 600 கிலோமீட்டர் ஆழம்வரை போகும். இடையே 300க்கும் 500க்கும் நடுவில் புள்ளிகள் மிக அருகிப்போகும். கியோ வடாட்டி, ஹியூகோ பெனியோஃப் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் மண்டலம் இது; தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் புதைவதை உங்கள் கையிலிருந்த ஐந்து நெடுவரிசை அட்டவணையே காட்டிவிட்டது. ஜாவாவைச் சொல்வதற்குக் காரணம், அங்கே அகழி கிழக்கு மேற்காக ஓடுகிறது, அதனால் அட்சரேகையே போதும். சுமத்ராவில் அகழி சாய்வாக ஓடுவதால் அதற்குக் குறுக்கே கோடு இழுத்துத் தூரம் கணக்கிட வேண்டும்.

ஃபிஜி, டோங்கா நிலநடுக்கங்கள் படத்தின் இரு ஓரங்களிலும் பிளந்து நிற்கின்றன.

180 பாகைக் கோடு நடுவே போகிறது. கழித்தலில் இருக்கும் தீர்க்கரேகைகளுக்கு மட்டும் 360ஐக் கூட்டிப் புதிய நெடுவரிசை செய்து, அதை எக்ஸாகக் கொடுங்கள். பின்புலத்தில் போடும் கடற்கரை வரைபடத்தையும் அதே போல நகர்த்த வேண்டியிருக்கும்.

2004 சுனாமி நிலநடுக்கத்தின் நேரம் நள்ளிரவு என்று இருக்கிறதே? காலையில்தானே நடந்தது?

அட்டவணையில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். டிசம்பர் 26, 00:58:53. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் காலை 6:28:53. நாள்வாரியாக எண்ணும்போது இதை மறந்தால், நம் அதிகாலை நிகழ்வுகள் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும்.

அந்தப் புள்ளியைப் பற்றி இன்னொன்று. 3.3 வடக்கு, 95.98 கிழக்கு, அளவு 9.1 என்று வரைபடத்தில் ஒற்றை வட்டமாக உட்கார்ந்திருக்கும். அது பிளவு தொடங்கிய இடம் மட்டுமே. அங்கிருந்து அந்தமான் நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை கிழிந்தது. அந்த வட்டத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கோடு இழுத்துத் தூரம் அளந்து, அலை வந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர்கள் விடை பொருந்தாமல் குழம்புவது இதனால்தான். அந்த நிகழ்வுக்குப் பிந்தைய ஒரு மாதத்து அதிர்வுகளையும் ஏற்றுங்கள். பிளவின் நீளம் படமாகவே தெரியும்.

கிணற்றுப் புள்ளிகளிலிருந்து மாவட்டம் முழுவதற்கும் நீர்மட்ட நிறப்படம் எப்படிச் செய்வது?

செய்வது இரண்டு நிமிட வேலை. பிராசசிங்கில் ஐடிடபிள்யூ என்ற இன்டர்போலேஷன் கருவி இருக்கிறது; அளந்த கிணறுகளை வைத்து, அருகில் உள்ளவற்றுக்கு அதிக எடை கொடுத்து, இடைப்பட்ட இடங்களின் மதிப்பை அது ஊகிக்கும். நெடுவரிசையைச் சொல்லி ஓடவிட்டால் அழகான வண்ணப்படம் வந்துவிடும். செய்யலாமா என்பதுதான் கேள்வி. பயிற்சி வகுப்பில் நான் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்.

முதலாவது, எந்த எண்ணை இன்டர்போலேட் செய்கிறீர்கள்? அட்டவணையில் இருப்பது தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரையிலான ஆழம். ஒரு கிணறு 400 மீட்டர் உயர மேட்டில், நீர் 20 மீட்டர் ஆழத்தில். இன்னொன்று 350 மீட்டர் உயரப் பள்ளத்தில், நீர் 5 மீட்டர் ஆழத்தில். ஆழத்தை மட்டும் பார்த்தால் மேட்டில் நீர் கீழே, பள்ளத்தில் மேலே. நீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடுவதுபோல் படம் சொல்லும். உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் 380, 345. இப்போதுதான் ஓட்டம் சரியான திசையில் தெரியும். ஆகவே உயர மாதிரியிலிருந்து (ஒவ்வோர் இடத்தின் தரை உயரத்தையும் தரும் கோப்பு) ஒவ்வொரு கிணற்றுக்கும் தரை உயரத்தை எடுத்து, கடல்மட்டத்திலிருந்து நீர்மட்டம் என்ற நெடுவரிசையை உருவாக்கிவிட்டுத் தொடங்குங்கள். எந்தக் கிணறு எவ்வளவு வற்றியிருக்கிறது என்று மட்டும் காட்டுவதானால் ஆழமே போதும், ஆனால் அம்புக்குறி போட்டு ஓட்டம் காட்டாதீர்கள்.

இரண்டாவது, ஐடிடபிள்யூ ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் மாட்டுக்கண் போல வளையங்கள் வரையும். அவை பூமியில் இல்லை, கணக்கில் இருப்பவை. மதிப்புகள் தூரத்தோடு எப்படி மாறுகின்றன என்பதைத் தரவிலிருந்தே கணித்துக்கொள்ளும் கிரிகிங் முறை மேல். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951இல் தொடங்கிவைத்து, பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மாத்தெரான் கணித வடிவம் கொடுத்தது. மதிப்போடு எவ்வளவு நம்பலாம் என்ற படத்தையும் அது தரும். பத்துப் பன்னிரண்டு கிணறுகளை வைத்து அதைச் செய்வதில் பயனில்லை.

மூன்றாவது, பாறை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு நெருக்கமானது கடினப் பாறை. நீர் வெடிப்புகளில் இருக்கிறது. இருநூறு மீட்டர் இடைவெளியில் ஒரு கிணறு நிறைந்தும் இன்னொன்று வறண்டும் இருப்பதை நம் விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கும் கிணறுகளுக்கு நடுவே மென்மையான நிறத்தைப் பூசினால், அளக்காத ஊருக்கும் ஒரு மதிப்பைக் கற்பித்தவர்கள் ஆவோம். காவிரிக் கழிமுகத்து வண்டலில் இதை ஓரளவு ஏற்பேன். தர்மபுரியில் ஏற்கமாட்டேன்.

ஃபுளோரைடு என்றால் இன்னும் கண்டிப்பு. புள்ளிகளை மட்டும் போடுங்கள்.

மேலதிகாரி நிறப்படம்தான் வேண்டும் என்கிறாரே?

கொடுங்கள். அதன்மேல் கிணற்றுப் புள்ளிகளைக் கறுப்பில் மறக்காமல் போட்டு, எந்தக் கிணற்றிலிருந்தும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பகுதியை வெள்ளையாக வெட்டிவிட்டுக் கொடுங்கள். வெள்ளை எங்கே இவ்வளவு என்று அவர் கேட்டால், அடுத்த ஆண்டு அங்கே இரண்டு கிணறு கூடுதலாக அளக்க வழி பிறக்கலாம். எனக்கு ஒருமுறை பிறந்தது.